ஷாங்க்லி போயாச்சு... அடுத்தது யாரு? 1974-ல் லிவர்பூலை உலுக்கிய கேள்வியும், ஒரு மேனேஜரின் கதையும்!

ஒரு ஃபுட்பால் கிளப்பின் மேனேஜர் பதவி காலியானால் போதும். அடுத்த நிமிடமே ரசிகர்கள் ஆளுக்கொரு பெயரோடு கிளம்பிவிடுவார்கள். வெளியே இருந்து பெரிய கை ஒருத்தரைக் கொண்டு வரணும் என்பார் ஒருவர். நம்ம கிளப்பை அறிஞ்ச ஆளுதான் சரி என்பார் இன்னொருவர். 2024-ல் யூர்கன் க்ளாப் லிவர்பூலை விட்டு விலகுவதாக அறிவித்தபோதும் இதுதான் நடந்தது.

ஆனால் இந்த விவாதத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றால் 50 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1974 ஜூலை 12. லிவர்பூல் மேனேஜர் பில் ஷாங்க்லி ராஜினாமா. சரி, யார் இந்த ஷாங்க்லி? அவர் விலகியதற்கு ஏன் ஒரு நகரமே அதிர்ந்தது?

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். இங்கிலாந்து ஃபுட்பாலில் அந்தக் காலத்து மேனேஜர் என்றால் வெறும் கோச் அல்ல. பயிற்சி, அணித் தேர்வு, யாரை வாங்குவது, யாரை விற்பது என எல்லாமே பெரும்பாலும் அவர் கையில்தான். அதனால்தான் அந்த நாற்காலிக்கு இவ்வளவு சண்டை.

சுரங்கத்தில் இருந்து வந்தவர்

ஸ்காட்லாந்தின் அயர்ஷையர் பகுதியில் கிளென்பக் என்று ஒரு சின்ன நிலக்கரிச் சுரங்க கிராமம். அங்கே 1913 செப்டம்பர் 2-ல் பிறந்தார் ஷாங்க்லி. வீட்டில் மொத்தம் 10 பிள்ளைகள். அதில் ஆண்கள் ஐந்து பேர். ஐந்து பேருமே தொழில்முறை ஃபுட்பால் வீரர்கள் ஆனார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

14 வயதில் பள்ளியை விட்ட ஷாங்க்லி, சுமார் இரண்டு ஆண்டுகள் சுரங்கத்தில் வேலை பார்த்தார். 1932-ல் கார்லைல் யுனைடெட் அணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பிரெஸ்டன் நார்த் எண்ட் அணி 500 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1938-ல் அந்த அணியோடு எஃப்ஏ கோப்பையையும் ஜெயித்தார். அப்புறம் இரண்டாம் உலகப் போர். விளையாட்டு வாழ்க்கையின் நல்ல வருஷங்களைப் போர் தின்றுவிட்டது.

1949-ல் கார்லைல் அணிக்கே மேனேஜர். பிறகு கிரிம்ஸ்பி, ஒர்க்கிங்டன், ஹட்டர்ஸ்ஃபீல்டு என்று ஒவ்வொரு ஊராகப் போனார். எல்லாமே பணம் இல்லாத சின்ன கிளப்புகள் அல்லது நல்ல காலம் முடிந்துபோன கிளப்புகள்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. 1951-லேயே லிவர்பூல் மேனேஜர் வேலைக்கு ஷாங்க்லி நேர்காணலுக்குப் போயிருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. அணியை மேனேஜர்தான் தேர்வு செய்ய வேண்டும் என்பது ஷாங்க்லியின் நிலைப்பாடு. டைரக்டர்கள் அதற்கு ஒத்துவரவில்லை. 8 ஆண்டுகள் கழித்து அதே கிளப் அவரைத் தேடி வந்தது.

தண்ணீர் வராத மைதானம்

1959 டிசம்பரில் ஷாங்க்லி வந்தபோது லிவர்பூல் இன்றைய லிவர்பூல் இல்லை. இரண்டாம் டிவிஷனில் கிடந்த அணி அது. அதே ஆண்டு ஜனவரியில்தான் வூஸ்டர் சிட்டி என்ற, லீக்கிலேயே இல்லாத அணியிடம் எஃப்ஏ கோப்பையில் தோற்று மானம் போயிருந்தது. ஆன்ஃபீல்டு மைதானத்தின் கழிப்பறைகளில் ஒழுங்காகத் தண்ணீர் கூட வராது. மெல்வுட் பயிற்சி மைதானம் புதர் மண்டிக் கிடந்தது.

ஷாங்க்லியின் முதல் ஆட்டம் என்ன ஆச்சு தெரியுமா? சொந்த மைதானத்தில் கார்டிஃப் சிட்டியிடம் 0-4 தோல்வி!

பொதுவாகப் புது மேனேஜர் வந்தால் பழைய உதவியாளர்களை அனுப்பிவிட்டு, தன் ஆட்களைக் கொண்டு வருவார். ஷாங்க்லி அதைச் செய்யவில்லை. பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் என்று அங்கே இருந்தவர்களையே வைத்துக்கொண்டார். ஆன்ஃபீல்டில் ஷூக்கள் அடுக்கி வைக்கும் ஒரு குட்டி அறை உண்டு. அங்கே உட்கார்ந்துதான் இவர்கள் ஆட்டத்தை அலசுவார்கள். பூட் ரூம் என்று பின்னாளில் பெயர் பெற்ற அறை அது. இந்த அறையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு சீசனும் மூன்றாம் இடம். அப்போது மேலே போவது இரண்டு அணிகள் மட்டும்தான். 1961-ல் இயன் செயின்ட் ஜான், ரான் யீட்ஸ் இருவரையும் வாங்கினார். 1962-ல் லிவர்பூல் முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. 1964-ல் லீக் சாம்பியன். 1965-ல் கிளப் வரலாற்றிலேயே முதல் எஃப்ஏ கோப்பை. அந்த ஃபைனலில் ஜெரி பர்ன் ஆரம்பத்திலேயே காரை எலும்பு முறிந்தும் 120 நிமிடம் ஆடினார். மாற்று வீரரை இறக்கும் விதி அப்போது கிடையாது. 1966-ல் மீண்டும் லீக் சாம்பியன். அந்த சீசன் முழுக்க ஷாங்க்லி பயன்படுத்தியது வெறும் 14 வீரர்களைத்தான்.

அதற்கப்புறம் 7 ஆண்டுகள் கோப்பையே இல்லை. இன்றைக்கு எந்தப் பெரிய கிளப்பும் இவ்வளவு பொறுக்காது என்பது வேறு விஷயம். 1970-ல் வாட்ஃபோர்டு என்ற இரண்டாம் டிவிஷன் அணியிடம் தோற்ற பிறகுதான், தன் செல்லப் பிள்ளைகளான மூத்த வீரர்களை ஒதுக்கினார். ரே கிளெமன்ஸ், ஜான் டோஷக், கெவின் கீகன் என்று புது அணி உருவானது. 1973-ல் லீக், யூஇஎஃப்ஏ கோப்பை இரண்டும். 1974 மே மாதம் நியூகாசிலை 3-0 என வீழ்த்தி மறுபடியும் எஃப்ஏ கோப்பை. அன்று வெம்ப்ளியில் ரசிகர்கள் இருவர் புல்தரையில் மண்டியிட்டு ஷாங்க்லியின் காலணிகளை முத்தமிட்டார்கள்.

ஏன் இவ்வளவு பாசம்? ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்குத் தானே டைப்ரைட்டரில் பதில் அடித்து அனுப்புவார் மனுஷன். தெருப் பசங்க வீட்டுக் கதவைத் தட்டி விளையாடக் கூப்பிட்டால் கிளம்பிவிடுவார். கடைசி வரை அதே சாதாரண வீடுதான்.

அந்த ஜூலை 12

கோப்பை ஜெயித்து இரண்டே மாதம். பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்றைக் கூட்டியது கிளப். ஆர்செனலில் இருந்து ரே கென்னடியை வாங்கிய அதே நாள் அது. அங்கேதான் 60 வயது ஷாங்க்லி விலகுகிறார் என்ற குண்டு வெடித்தது. களைத்துப்போய்விட்டார், மனைவி நெஸ்ஸியோடு நேரம் செலவிட விரும்பினார் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். முன்பும் ராஜினாமா பேச்சை எடுத்துப் பின்வாங்கியவர்தான். இந்த முறை பின்வாங்கவில்லை.

கிரனாடா டிவியின் இளம் செய்தியாளர் டோனி வில்சன் மைக்கோடு தெருவில் இறங்கி, போவோர் வருவோரிடம் செய்தியைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அந்தக் காட்சிகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு சிறுவனின் முகம் வாடுவதைப் பார்த்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அப்புறம் எழுந்தது அந்தக் கேள்வி. அடுத்தது யாரு?

பயப்பட நியாயமான காரணமும் இருந்தது. பக்கத்து ஊர் மான்செஸ்டர் யுனைடெட்டில் 1969-ல் மேட் பஸ்பி விலகினார். ஆனால் கிளப்பை விட்டுப் போகவில்லை. அவருக்குப் பின் வந்த வில்ஃப் மெக்கின்னஸ், ஃபிராங்க் ஓ'ஃபாரல் இருவருமே அவர் நிழலில் நிற்க முடியாமல் பதவி இழந்தார்கள். சரியாக 1974-ல் யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கிவிட்டது!

அதே கோடையில் லீக் சாம்பியன் லீட்ஸ் யுனைடெட்டிலும் நாற்காலி காலி. மேனேஜர் டான் ரெவி இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார். தன் இடத்துக்கு அவர் பரிந்துரைத்தது அணி வீரர் ஜானி ஜைல்ஸை. நிர்வாகம் கேட்கவில்லை. நாடே அறிந்த பிரையன் கிளஃப்பைக் கொண்டு வந்தது. லீட்ஸ் அணியைப் பல ஆண்டுகளாகப் பகிரங்கமாகத் திட்டியவர் அவர்!

லிவர்பூல் எடுத்தது நேர் எதிர் வழி. பூட் ரூமை நினைவில் வைக்கச் சொன்னோமே, அங்கிருந்து 55 வயது பாப் பெய்ஸ்லியைக் கொண்டு வந்தது. 1939-ல் வீரராகச் சேர்ந்தவர், பிறகு பிசியோ, பயிற்சியாளர். எந்த கிளப்புக்கும் மேனேஜராக இருந்ததில்லை. மேடைப் பேச்சு வராது. வேலையே வேண்டாம் என்று ஷாங்க்லியைத் தங்கவைக்கப் பார்த்தவர். ரசிகர்கள் கனவு காணும் பெயர் நிச்சயமாக இல்லை.

ஆகஸ்ட் 10. வெம்ப்ளியில் சாரிட்டி ஷீல்டு ஆட்டம். லிவர்பூலை ஷாங்க்லி கடைசி முறையாக அழைத்து வந்தார். பக்கத்தில் லீட்ஸை அழைத்து வந்தது கிளஃப். கீகனும் பிரெம்னரும் அடித்துக்கொண்டு வெளியேற்றப்பட்ட ஆட்டம் அதுதான். லிவர்பூல் பெனால்டியில் ஜெயித்தது. கிளஃப் லீட்ஸில் நீடித்தது மொத்தம் 44 நாள். பெய்ஸ்லி முதல் சீசனில் லீக்கை ஜெயிக்கவில்லை, இரண்டாம் இடம்தான். ஆனால் அவருடைய 9 ஆண்டுகளில் 6 லீக் பட்டங்கள், 3 ஐரோப்பியக் கோப்பைகள் வந்தன.

போனவர் என்ன ஆனார்?

அடுத்தது யார் என்று எல்லோரும் பேசினார்கள். போகிறவர் மறுநாள் காலை என்ன செய்வார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஷாங்க்லி வழக்கம்போல மெல்வுட் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வந்தார். வீரர்கள் அவரையே பாஸ் என்றார்கள், பெய்ஸ்லியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். புது மேனேஜருக்கு இது எவ்வளவு சங்கடம்! மெல்ல மெல்ல, இனி வர வேண்டாம் என்ற செய்தி ஷாங்க்லிக்குப் புரிந்தது. டைரக்டர் பதவியும் வரவில்லை. மான்செஸ்டர் கதை கண் முன்னே இருந்ததால் கிளப்பின் தயக்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் 15 ஆண்டுகள் உழைத்தவரை இன்னும் கொஞ்சம் மென்மையாக நடத்தியிருக்கலாம் என்றே தோன்றுகிறது. 1976-ல் வந்த சுயசரிதையில் இந்த வருத்தத்தை அவர் மறைக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பயிற்சி மைதானம் இருந்தது. பரம எதிரி எவர்ட்டனுடையது! அங்கே அவரை அன்போடு வரவேற்றார்கள்.

1981 செப்டம்பர் 29-ல் மாரடைப்பைத் தொடர்ந்து ஷாங்க்லி காலமானார். நான்கு நாள் கழித்து ஆன்ஃபீல்டில் லிவர்பூல் - ஸ்வான்சி ஆட்டம். ஸ்வான்சி மேனேஜர் வேறு யாருமல்ல, 1970-ல் ஷாங்க்லி வாங்கிய அதே ஜான் டோஷக். மௌன அஞ்சலிக்கு வந்து நின்ற டோஷக், மேலே போட்டிருந்த டிராக்சூட்டைக் கழற்றினார். உள்ளே அவர் அணிந்திருந்தது சிவப்பு நிற லிவர்பூல் சட்டை.