வீரமாமுனிவரும் பரமார்த்த குருவும்

இத்தாலி நாட்டுக் காஸ்திக்கிளியோன் என்னும் ஊரில் 1680 ஆம் ஆண்டு தோன்றியவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இளமையிலேயே இயேசு சபையைச் சார்ந்து துறவு பூண்ட அவர், கிறித்துவ சமயத் தொண்டு புரியக் கோவா வழியாகத் தமிழகம் போந்தார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பது. தாய்மொழியின் ஓசைகளிலேயே நாவு படிந்துவிட்ட அவ்வகவையில் ழகரத்தை ஒலிக்கக் கற்பது எளிதன்று, மாணவர்களே!

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1603 இல், அவர் நாட்டவரும் அச்சபையினருமான பெனிசியோ என்பார் மலையாளக் கரையிலிருந்து நம் நீலமலைக்கு ஏறித் தோதவரைக் கண்டு மீண்டார். பெஸ்கியோ மீளவில்லை. தமிழிலேயே தோய்ந்து வீரமாமுனிவர் ஆனார். 3,615 பாடல்களால் தேம்பாவணி என்னும் காப்பியம் பாடினார். தொன்னூல் விளக்கம் இயற்றினார். 1732 இல் சதுரகராதி தொகுத்தார். நாம் இன்று எழுதும் ஏகார, ஓகாரங்களும் அவர் திருத்திய வடிவங்களே என்பர்.

இத்துணைப் பெரும்புலவர் பரமார்த்த குருவின் கதை என்னும் சிரிப்புக் கதையையும் எழுதினார் என்பதே வியப்பு. புதிதாகத் தமிழ் கற்கும் துறவியர் படித்துப் பழகுவதற்கென அதனை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் அமைத்தார். கற்பவன் எவ்விடத்தில் சோர்வான் என்பதைத் தாமே பட்டறிந்தவர் அல்லரோ?

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பார் குருவின் சீடர் ஐவர். ஆறு உறங்குகின்றதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். அது சுரீர் என்று ஒலிக்கவே, ஆறு விழித்திருக்கின்றது என அஞ்சி ஓடுகின்றனர். பின்னர் ஒருவாறு கரையேறி ஆளெண்ணுகையில், எண்ணுபவன் தன்னை விட்டுவிடுகின்றான். அறுவர் ஐவராகிவிட்டனரே என்று அழுகை! பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலைகொடுத்து வாங்குகின்றனர். அது விழுந்து உடைந்தபொழுது புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டியென்று துரத்துகின்றனர்.

இத்தகைய கதை பெரும்புலவர்க்குத் தகுமா என்று வினவும் பண்டிதர் உண்டு. எமக்கு அவ்வையம் இல்லை. உதகையில் தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும் நாள்களில், நூலென்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் எம் வகுப்பிலும் இருந்தனர். செய்யுள் நூலை நீட்டினால் சன்னலைப் பார்ப்பர். குதிரை முட்டைப் பகுதியைப் பாதியில் நிறுத்தினாலோ, நூலைக் கையிலிருந்து பறித்துச் சென்று தாமே முடிப்பர். எழுத்துக் கூட்டிப் படிப்பவனும் அன்று வரி தவறான். சிரிப்பதற்கு முன் பொருள் விளங்கவேண்டுமே! சொற்றொடரைப் பிழைபடப் படித்தால் சிரிப்பு வாராது. முனிவரும் அதனை நன்கு அறிந்தே, எளிய உரைநடையில் சிறு சிறு நிகழ்ச்சிகளாகக் கதையை அடுக்கினார் போலும்.

1747 இல் அம்பலக்காட்டில் முனிவர் மறைந்தார். அச்சேறிய தம் கதையை அவர் கண்டிலர். 75 ஆண்டுகள் கழிந்து, 1822 இல், பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அதனை இலண்டனில் வெளியிட்டார். ஓர் ஆற்றைக் கடக்க அஞ்சிய சீடர் ஐவரும், தம் குருவோடு கடல் கடந்துவிட்டனர்.