பறவைக்கு ஒரு உத்தரவு, படியாளுக்கு ஒரு உத்தரவு



நம்ம வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாதுன்னு 1798-லேயே வெள்ளைக்கார கலெக்டர் உத்தரவு கொடுத்தார். ஊர் ஜனங்கள் முறையிட்டு வாங்கின உத்தரவு அது. நல்ல காரியம்தான். ஆனால் இதே ஜில்லாவில் ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட படியாளுக்கு நிலம் கொடுக்க ஒரு உத்தரவு வர இன்னும் 94 வருஷம் ஆனது. குருவிகளைக் காட்டிலும் மனுஷன் பெரியவன் என்று ஆண்டவர் போதித்தார். தேசமோ அதை மறந்திருந்தது.

அந்த இரண்டாவது உத்தரவுக்குக் காரணமானவர் ஜேம்ஸ் ட்ரெமன்ஹீர். 1853-ல் பிறந்து, சிவில் சர்வீஸில் சேர்ந்து, செங்கல்பட்டு ஜில்லாவின் பொறுப்புக் கலெக்டராக இருந்தவர். மிஷனரி அல்ல, பிரசங்கியும் அல்ல. ஆனால் கண்ணால் கண்டதை மறைக்காத மனுஷன்.

அடிமைத்தனம் நம் தேசத்தில் 1843-லேயே சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்காவிலோ அதற்காக நாடே இரண்டாகப் பிளந்து, 1861 முதல் 1865 வரை யுத்தம் நடந்தது. அடிமைகள் விடுதலையானார்கள். ஆனால் அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த நிலத்தைப் பழைய எஜமான்களிடம் திருப்பிவிட அரசாங்கமே சொன்னது. இங்கேயும் அதே கதைதான். விடுதலை காகிதத்தில் இருந்தது, காலூன்ற மண் இல்லை.

ட்ரெமன்ஹீர் கிராமங்களின் நிலைமையை விசாரித்தார். கல்யாணத்துக்கு வாங்கின சின்னக் கடனுக்காகத் தகப்பன் தன்னையே அடமானம் வைப்பான், கடன் தீராமல் மகனும் அதே நுகத்தில் மாட்டுவான். குடிசை போட்ட மனையும் மிராசுதாருக்குச் சொந்தம். வாய் திறந்தால் வெளியே போக வேண்டியதுதான். தரிசு நிலம் கேட்டு மனு போட்டாலும், முதல் உரிமை எனக்குன்னு மிராசுதார் வந்து நிற்பார்.

இதையெல்லாம் எழுதி 1891 அக்டோபர் 5-ல் அரசாங்கத்துக்கு அனுப்பினார். நிலம், குடியிருக்க மனை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இவைகளைக் கேட்டார். பெரிய எதிர்ப்பு எழும்பிற்று. ரெவின்யூ போர்டு அதிகாரிகளே, அப்படியொன்றும் கொடுமை இல்லை என்றார்கள். ஆனால் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிமார் இந்த ஜனங்களுக்காகத் திறப்பிலே நின்றார்கள்.

1892 செப்டம்பர் 30-ல் உத்தரவு பிறந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக்கூடாது. அதற்குப் பின்பும் அந்த ஜனங்களுக்குள்ளேயே விற்க வேண்டும் என்று நிபந்தனை.

ட்ரெமன்ஹீர் 1912-ல் மரித்தார். நிலமோ கடனுக்கும் மிரட்டலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறிப் போயிற்று. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் ஜனங்கள் திரண்டபோது, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

பிரியமானவர்களே, கர்த்தர் இஸ்ரவேலை எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்ததோடு நிறுத்தவில்லை. கானானிலே சீட்டுப்போட்டுக் குடும்பம் குடும்பமாகச் சுதந்தரம் கொடுத்தார். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் எடுத்துக்கொண்டபோது எலியாவை எழுப்பிக் கணக்குக் கேட்டார். அதே தேவன் இன்னும் ஜீவிக்கிறார், அல்லேலூயா!

ஆகையால் இரண்டு காரியம் சொல்றேன், கோபப்படாதீங்க. மனை வாங்கப் போகிறவர்கள், அது பஞ்சமி நிலமா என்று தாலுகா ஆபீசில் முதலில் விசாரியுங்கள். மலிவா வருதுன்னு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு உபவாச ஜெபம் வைக்காதீர்கள். செங்கல் சூளை, அரிசி மில் வைத்திருக்கிறவர்கள் அட்வான்ஸ் நோட்டை எடுத்துப் பாருங்கள். அந்தக் கடனைக் காட்டி ஒரு குடும்பத்தைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தால், அது 1976-ம் வருஷச் சட்டப்படி குற்றம், தேவ சமூகத்தில் பாவம். இந்த வாரமே அவர்களை விட்டுவிடுங்கள். எழுப்புதல் பலிபீடத்தண்டையில் மட்டுமல்ல, நம்ம கணக்கு நோட்டிலும் வரட்டும்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.