கறுப்பும் வெளுப்பும் போதுமென்ற கலைஞர்: மா. கிருஷ்ணன்

தமிழ்ப் புதினத்தின் முன்னோடிகளைக் குறிப்பிடுவோர் வேதநாயகம் பிள்ளை, ராஜமய்யர், மாதவையா என்னும் மூவர் பெயரையும் ஒருசேரச் சொல்வது வழக்கம். அம்மூவருள் ஒருவரும் ‘பத்மாவதி சரித்திர’த்தின் ஆசிரியருமாகிய அ. மாதவையாவின் கடைசி மகவாக, 1912ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன். தந்தை மனிதரின் இல்வாழ்வை எழுத்தில் வடித்தார். மகனோ யானையும் காட்டெருதும் வாழும் வாழ்வைப் படத்திலும் எழுத்திலும் வடித்தார். இருவருக்கும் பொதுவாக அமைந்தது, கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும் என்ற பிடிவாதமே எனலாம்.

கிருஷ்ணன் வளர்ந்த மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீடுகளுக்கு அப்பால் புதர்க்காடு கிடந்தது. நரியும் வெளிமானும் திரிந்தன. கீரிப்பிள்ளையொன்றை வளர்த்த அச்சிறுவனுக்குப் புத்தகத்திற்கு முன்பே புதர் பாடம் சொல்லிற்று. 1925ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசி அமர்ந்த மாதவையா அங்கேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13.

1927ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியில் சேர்ந்த அவருக்குத் தாவரவியல் கற்பித்தவர், நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து புகழ் பெற்ற பேராசிரியர் பைசன். ஆசிரியருடன் மலைகளுக்குச் சென்று வந்த மாணவர், பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் பயின்றார். பின்னாளில் அவர் கையாண்ட காமிராவைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது. செடியை வரைய முற்படுபவன் இலையின் நரம்பையும் காம்பின் வளைவையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். அவ்வாறு பழகிய கண்ணே பிற்காலத்தில் லென்ஸின் பின்னால் நின்றது.

பட்டம் பெற்ற பின் நிலையான வேலை எளிதில் வாய்க்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கேலிச்சித்திரமும் தந்து காலம் கழித்தார். 1942ஆம் ஆண்டு பல்லாரியை அடுத்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை அங்கே வகித்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். தூது செல்லும் புறாக்களை வளர்த்தார். ஓய்ந்த வேளையெல்லாம் குன்றுகளில் அலைந்தார். 1949ஆம் ஆண்டு சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. கிருஷ்ணன் சென்னை திரும்பினார். அதன்பின் எழுத்தும் புகைப்படமுமே அவருடைய தொழில். மாதச் சம்பளமின்றிக் குடும்பம் நடத்துவது எளிதன்று என்பதை அறிந்தே அவர் இத்துணிவை மேற்கொண்டார்.

அவருடைய காமிராவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கருவியொன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் சென்றவரல்லர் கிருஷ்ணன். ஒரு நிறுவனத்தார் செய்த உடற்பகுதி, வேறொரு நிறுவனத்தாரின் தொலைநோக்கு லென்ஸ், வேறெங்கிருந்தோ பெற்ற துணைக்கருவிகள் ஆகியவற்றைத் தம் கையாலேயே பொருத்தி, தமக்கெனப் பெரியதொரு காமிராவை உருவாக்கிக்கொண்டார். பருமனைக் கேலி செய்யும் வகையில் அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் சூட்டினார். இந்திய வனவிலங்குகளைப் பற்றி 1964இல் நூல் வெளியிட்ட இ. பி. ஜீ, இக்கருவியைக் கண்டு வியந்து, கம்பியும் வளையமும் கொண்டு கட்டியிருப்பாரோ என்று நகைச்சுவையாக எழுதியதுண்டு.

நகைப்புக்கு இடமளித்த அக்கருவியின் பின்னே தெளிவான கணக்கு இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிகுந்திருந்த காலம் அது. நல்ல லென்ஸ் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் எழுத்தால் வாழ்பவனுக்கு எட்டாத விலை. ஆகவே கைக்கெட்டிய நல்ல உறுப்புகளைத் தேர்ந்து இணைப்பது ஒன்றே வழி. எடை மிகுந்த காமிரா நடப்பவனைக் களைப்படையச் செய்யும். ஆயினும் பெரிய நெகடிவில் விழும் உருவத்தில் தோலின் சுருக்கமும் புல்லின் நுனியும் தெளிவாகப் பதியும். களைப்பைத் தாம் ஏற்றுக்கொண்டு தெளிவைப் படத்திற்கு அளித்தார் கிருஷ்ணன்.

வாழ்நாள் முழுவதும் அவர் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். அக்காலத்து வண்ண ஃபிலிமுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். காட்டிலோ விலங்குகள் நடமாடுவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும், கிளை நிழலிலுமே. ஒளி குறைந்த அந்நேரத்தில் கறுப்பு வெள்ளை ஃபிலிமே கைகொடுக்கும். மேலும் வண்ணப்படத்தைக் கழுவ அயலாரை நாட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தை வீட்டு இருட்டறையிலேயே கழுவி அச்சிடலாம். சாம்பல் நிறத்தின் எத்தனையோ படிகளில் எது யானையின் தோலுக்கு உரியது, எது அதன் பின்னுள்ள மூங்கிலுக்கு உரியது என்பதை அங்கே நின்று தீர்மானித்தவரும் அவரே. காட்டில் தொடங்கிய பார்வை இருட்டறையில் நிறைவு பெற்றது.

அவர் விலங்கை அணுகிய முறையும் தனித்தன்மை உடையது. முதுமலை போன்ற காடுகளில் பழக்கப்பட்ட யானையின் மேல் அமர்ந்து சென்று படமெடுத்தார். மனிதன் மேலிருப்பினும் கீழே நடப்பது யானையாதலின், காட்டு விலங்குகள் எளிதில் மிரள்வதில்லை. ஆனால் யானை அசைந்துகொண்டே இருக்கும். நின்றாலும் மூச்சுவிடும்போது அதன் முதுகு ஏறி இறங்கும். அவ்வசைவுக்கிடையே கனத்த காமிராவை நிலைநிறுத்தி, விலங்கு தலை திருப்பும் கணத்திற்காகக் காத்திருக்க வேண்டும். பல நாள்கள் ஒரு படமுமின்றிக் கழியும். நடந்து சென்றும், மறைவிடங்களில் அமர்ந்தும் அவர் அவ்வாறே காத்திருந்தார்.

விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் படம் அவருக்கு முழுமையானதன்று. அது நிற்கும் புல், அதன் பின்னுள்ள மரம், உடன் வரும் கூட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அவ்விலங்கின் வாழ்வு. சங்கச் சான்றோர் முதற்பொருளும் கருப்பொருளும் இன்றி உரிப்பொருளைப் பெரும்பாலும் பாடினாரில்லை என்பதை அறிந்தோர்க்கு, கிருஷ்ணன் தம் படங்களை அமைத்த நெறி அயலாகத் தோன்றாது.

பத்மஸ்ரீ விருதும், 1968ஆம் ஆண்டு ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையும் அவரை வந்தடைந்தன. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடுதோறும் சென்று ஆராய்ந்து அவர் எழுதிய நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. அந்நூலுக்கு அவருடைய படங்கள் அணிகலன்கள் அல்ல, சான்றுகள். ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் மரமும் பறவையும் விலங்குமே என்பது அவர் கொள்கை. அதனாலேயே அயல்நாட்டு அழகு மரங்களைக் கொணர்ந்து நடுவதைக் கடைசிவரை எதிர்த்தார். அதிகாரிகளுக்கு அவர் பேச்சு இனித்ததில்லை. அதற்காக அவர் சொல்லை மாற்றிக்கொண்டதுமில்லை.

கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை, 1996 பிப்ரவரி 18ஆம் நாள் மறையும் வரை 46 ஆண்டுகள் எழுதினார். அவர் புகழ் பெரும்பாலும் ஆங்கில எழுத்தால் அமைந்தது. எனினும் தந்தையின் மொழியை அவர் துறந்தாரில்லை. ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் துப்பறியும் புதினத்தைத் தமிழிலேயே படைத்தார். தமிழ்க் கட்டுரைகளோ இதழ்களில் சிதறிக் கிடந்தன. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’, பெருமாள்முருகன் தொகுத்த ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ ஆகிய நூல்கள் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன. வாழும் நாளில் தமிழ் வாசகர் அவரை முழுமையாகப் பெறவில்லை என்பது நம் இலக்கிய உலகம் எண்ணிப் பார்க்கத்தக்க குறை.

கவிதையில் ‘ஏதோ ஒரு பறவை’ என்று எழுதுவது எளிது. எந்தப் பறவை, எந்த மரத்தில், எந்தப் பருவத்தில் என்று அறிந்து எழுதுவதற்கு, கனத்த காமிராவுடன் கிருஷ்ணன் காத்திருந்ததைப் போன்ற பொறுமை வேண்டும். கருவி எதுவாயினும் ஆகுக. காத்திருக்கத் தெரிந்தவனுக்கே காடு தன்னைக் காட்டும் என்பதற்கு அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சான்றாக நிற்கின்றன.