பிரிச்சுப் பார்த்த மனுஷன்: ஜி.டி. நாயுடு

கோவையில படிக்கிற யாரும் இப்போ அவிநாசி ரோடு மேம்பாலத்துல ஏறாம இருந்திருக்க மாட்டீங்க. உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்ட்வின்ஸில் இறங்கினா 10.1 கிலோமீட்டர். 2025 அக்டோபரில் திறந்தப்போ அதுக்கு ஜி.டி. நாயுடு பேரை வச்சாங்க. பேரைப் பத்தி நெட்ல பெரிய சண்டையே நடந்தது. ஆனா அந்த மனுஷன் என்ன பண்ணினார்னு எங்க கிளாஸ்ல கேட்டா, பாதிப் பேருக்கு "இந்தியாவின் எடிசன்"ங்கிற பட்டம் மட்டும்தான் தெரியும்.

அந்தப் பட்டம் அவருக்குச் சரியா பொருந்தலைன்னு நினைக்கிறேன். அவருக்குப் பொருத்தமான வார்த்தை நம்ம ஹாஸ்டல்லயே இருக்கு: மாடர். மோட் பண்றவர்.

தெரியாதவங்களுக்காகச் சின்ன விளக்கம். நிண்டெண்டோ 2001-ல் கேம் பாய் அட்வான்ஸ்னு ஒரு கையடக்கக் கேம் மெஷினை இறக்கினாங்க. ரெண்டு பென்டார்ச் பேட்டரியில ஓடும், அருமையான மெஷின். ஆனா ஸ்கிரீனில் லைட் கிடையாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி சாய்ச்சுச் சாய்ச்சு விளையாடணும். அடுத்த வருஷமே ஆஃப்டர்பர்னர்னு ஒரு கிட் வந்தது. தயாரிச்சது கம்பெனி இல்ல, ஆர்வலர்கள். மூணு இதழ் தலை கொண்ட அந்த விசித்திர ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்கிரீன் மேல ஒரு லைட் தகட்டை வச்சு, ரெண்டு வயரை சால்டர் பண்ணினா போதும், இருட்டுலயும் விளையாடலாம். நிண்டெண்டோ தானே லைட் வச்ச எஸ்பி மாடலை 2003-ல்தான் கொண்டு வந்தது. இன்னிக்கு எங்க விங்ல ரெண்டு மூணு பேர் அதே பழைய மெஷின்களுக்கு ஐபிஎஸ் ஸ்கிரீன் மாத்துறாங்க, யுஎஸ்பி-சி சார்ஜிங் வைக்கிறாங்க. எனக்கு ஊர் சேரம்பாடி. அங்கே ஒரு நல்ல சால்டர் கம்பி வேணும்னாலும் கூடலூர் பஸ் பிடிக்கணும், இல்லன்னா எல்லை தாண்டி சுல்தான் பத்தேரி போகணும். அதனால கையில இருக்கிறதை வச்சுத் தேத்துறது எங்களுக்குப் பழக்கம்தான்.

கம்பெனி முடிச்சு அனுப்பின பொருள் இன்னும் முடியலைன்னு நினைக்கிற புத்திதான் மாடரோட புத்தி. அது நாயுடுகிட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்தது.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் சூலூர் பக்கத்துல உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். அம்மா சின்ன வயசிலேயே தவறிட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்குச் சுத்தமா ஒத்து வரல. வாத்தியார் மேல மண்ணை வாரி வீசிட்டு ஓடினவர்னு இன்னும் கதை சொல்றாங்க. படிப்பு தொடக்கப் பள்ளியோட சரி.

அப்புறம் ஒரு நாள் ஊர்ப்பக்கம் ஒரு பிரிட்டிஷ் வருவாய்த்துறை அதிகாரி மோட்டார் சைக்கிள்ல வந்தார். ரட்ஜ் வண்டி. மாடோ குதிரையோ இழுக்காம ஓடுற வண்டியை நாயுடு பார்த்தது அப்போதான். நாமளா இருந்தா ஒரு செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பியிருப்போம். அவர் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சில நூறு ரூபாய் சேர்ற வரைக்கும் வருஷக்கணக்கா அந்த வேலை. சேர்ந்ததும் போய் அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிட்டு ஓட்டிட்டுத் திரியல. ஒவ்வொரு பாகமா கழற்றினார், மறுபடி மாட்டினார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்த வண்டிக்கு பக்கத்துல சர்வீஸ் சென்டர் கிடையாது, யூடியூப் கிடையாது. மாட்டும்போது ஒரு நட்டு மிச்சமானா அது எங்கே போகணும்னு தானேதான் கண்டுபிடிக்கணும். வருஷக்கணக்கா சேர்த்த பணம் முழுக்கத் தரையில துண்டு துண்டா கிடக்குது. ஒரு பழைய கேம் பாயைத் திறக்கவே எங்க கை நடுங்கும், அதோட விலை அதுல எத்தனை பங்கு! அந்த வண்டியில கத்துக்கிட்டதுதான் அவரை மெக்கானிக் ஆக்கியது.

நடுவுல பருத்தி வியாபாரத்துல சம்பாதிச்சார், பம்பாய் வரைக்கும் போய் விட்டுட்டும் வந்தார். திரும்ப வந்தவருக்குக் கை கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். நீலகிரிக்காரங்களுக்கு இந்தப் பேரு புதுசில்ல. குன்னூர் ஸ்டேன்ஸ் பள்ளிக்கூடம், காபி, தேயிலைன்னு மலை முழுக்கக் கேட்ட பேருதான். அவர் கொடுத்த கடனில் ஒரு பஸ் வாங்கி, 1920-ல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு நாயுடு தானே ஓட்டினார். அதுதான் பிறகு யுஎம்எஸ் கம்பெனி ஆச்சு. 1933-ல் 280 பஸ்கள். பஸ் கதையையே தனிக் கட்டுரையா எழுதலாம், இங்கே வேண்டாம்.

எனக்கு முக்கியமா தெரியறது அவரோட ஷேவிங் ரேசர். ரசாந்த்னு பேரு. எலக்ட்ரிக் ரேசரைக் கண்டுபிடிச்சது நாயுடுன்னு சில வாட்ஸ்அப் ஃபார்வர்டில் வரும். அது சரியில்ல. அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் 1931-லேயே விற்க ஆரம்பிச்சுட்டார். ஆனா ஷிக் ரேசரைச் சுவர்ல இருக்கிற பிளக்ல மாட்டணும். அந்தக் காலத்துல இந்தியாவில் எத்தனை வீட்டுச் சுவர்ல பிளக் இருந்திருக்கும்? நாயுடுவோட ரேசர்ல சின்ன மோட்டார் ஒண்ணு, அது டிரை செல் பேட்டரியில் ஓடும். கரண்ட் இல்லாத ஊர்லயும் ஷேவ் பண்ணலாம். ஜெர்மனியில் அதைத் தயாரிச்சாங்க.

இதுதான் சரியான மோட். மெஷின் ஏற்கெனவே இருக்கு, ஆனா அது வேற யாரோ ஒருத்தர் வீட்டுக்காகச் செஞ்சது. அதைத் திறந்து, நம்ம ஊர் நிலைமைக்கு எது இடிக்குதோ அதை மட்டும் மாத்துறது. மழைக்காலத்துல எங்க எஸ்டேட் லைன்ல கரண்ட் போனா எப்போ வரும்னு சொல்ல முடியாது. பேட்டரியில ஓடுற பொருளோட அருமை அங்கே வளர்ந்தவங்களுக்குத் தெரியும்.

ரேசரோட நிக்கல. மெல்லிசான பிளேடு, கேமராவுக்குத் தூரம் சரிசெய்ற கருவி, பழச்சாறு பிழியற மெஷின், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன்னு பட்டியல் நீளுது. ஏமாத்த முடியாத ஓட்டுப் பதிவு மெஷின் ஒண்ணும் செஞ்சார். நம்ம நாட்டில் மின்னணு ஓட்டு இயந்திரத்தை முதன்முதலா 1982-ல் கேரளாவின் பரவூர்லதான் பயன்படுத்தினாங்கன்னு நினைச்சா, அவர் எவ்வளவு முன்னாடி யோசிச்சார்னு புரியும்.

இவ்வளவு செஞ்சவரோட பொருள் ஏன் ஒண்ணுகூட நம்ம வீட்ல இல்ல? 1941-ல் ஐந்து வால்வ் ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும்னு அறிவிச்சார். ரேடியோங்கிறது பணக்காரங்க வீட்டுச் சாமானா இருந்த காலம் அது. 1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் வந்தது, விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கல. கார் அதோட நின்னுபோச்சு. வரியும் லைசென்ஸும் கழுத்தை நெரிக்குதுன்னு கோபப்பட்டு, தான் செஞ்ச பொருள்களையே ஜனங்க முன்னாடி அடிச்சு நொறுக்கினார்.

இதை வீரம்னு எழுதுறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. ஒவ்வொரு பாகமா பொறுமையா கழற்றிக் கத்துக்கிட்ட ஒரு கை, சுத்தியலால் அடிக்கிறது பார்க்கவே கஷ்டமான காட்சி. உடைக்காம அந்த டிசைனை நாலு பேருக்கு விளக்கிக் கொடுத்திருந்தா, ஏதாவது ஒரு பட்டறையில அது பிழைச்சிருக்கும். ஆனா லைசென்ஸ் இல்லாம யாரும் எதையும் தயாரிக்க முடியாத நாட்டில், டிசைனைக் கொடுத்து மட்டும் என்ன ஆகியிருக்கும்னு கேட்டா அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

அடுத்தது நமக்கு நேரா வர்ற விஷயம். 1945-ல் கோவையில் அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் தொழில்நுட்பக் கல்லூரி ஆரம்பிச்சதுக்கு நாயுடுதான் முக்கியக் காரணம். அதுதான் இப்போ தடாகம் ரோட்டில் இருக்கிற ஜிசிடி. பழைய பேரு அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ்னு பஸ் ஸ்டாப்பா இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. கல்லூரியைக் கொண்டு வந்த அதே மனுஷன் இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் தண்டம், ரெண்டு வருஷம் போதும்னு வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கல. இவரும் விட்டுக்கொடுக்கல, விலகிட்டார். குறுகிய காலப் பயிற்சியில் பையன்களுக்கு ரேடியோ செய்யக் கத்துக் கொடுக்கிறதுலதான் அவருக்கு நம்பிக்கை.

எட்டாவது செமஸ்டர்ல உட்கார்ந்து இதைப் படிக்கும்போது சிரிப்பும் வருது, கொஞ்சம் வயித்தெரிச்சலும் வருது. முழுசா நான் அவர் கட்சி இல்ல. ஃபூரியர், கன்ட்ரோல் சிஸ்டம் எல்லாம் ஸ்க்ரூடிரைவரால் வர்ற விஷயமில்ல. பேட்டரி மாத்தி வைக்கும்போது ஏன் சூடாகுதுன்னு எனக்குப் புரிஞ்சது தியரி படிச்சதாலதான். ஆனா லேப் ரெக்கார்டில் அவுட்புட் வேவ்ஃபார்மை சீனியர் நோட்டைப் பார்த்து வரைஞ்சுட்டு, சர்க்யூட்டைத் தொடாமலே கையெழுத்து வாங்கின ஆளுங்க நம்மள்ல எத்தனை பேர்? நாலா ரெண்டாங்கிற கணக்கை விடுங்க. அந்த வருஷங்கள்ல எத்தனை பொருளைக் கழற்றி மாட்டினோம்னு அவர் கேட்டா என்ன சொல்றது? எங்க விங்ல அந்தக் கணக்கு ரெண்டு கேம் பாய், ஒரு மிக்ஸி.

கடைசிக் காலத்தில் செடிகளையும் விட்டு வைக்கல. பருத்தி, சோளம், பப்பாளின்னு தோட்டத்திலும் பரிசோதனைதான். 1974 ஜனவரி 4-ல் இறந்தார்.

அவிநாசி ரோட்டில் பிரசிடென்ட் ஹாலில் அவர் பேர்ல உள்ள கண்காட்சி இன்னும் இருக்கு. மேம்பாலத்துல போனா அது கண்ணுல படாது, கீழ் ரோட்டில் போகணும். ரசாந்த் அங்கே இருக்கு. கையில எடுத்துப் பார்க்க விட மாட்டாங்க. அந்த மோட்டார் உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கு, செல் எந்தப் பக்கம் போகுது, மூடியில எத்தனை ஸ்க்ரூன்னு பார்க்கக் கை துறுதுறுன்னு வரும். ஸ்க்ரூடிரைவரை ரூமிலேயே வச்சுட்டுப் போங்க.