வீரமாமுனிவரும் ஞான ஒடுக்கமும்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த திருமுதுகுன்றம், இந்நாளில் விருத்தாசலம் என வழங்குவது, பழமலைநாதர் கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றதாகும். அவ்வூர்க்கு அண்மையில், முகாசாபரூரைச் சார்ந்த கோணான்குப்பம் என்னும் சிற்றூரில், பெரியநாயகி மாதா கோயில் விளங்குகின்றது. பெரியநாயகி என்பது முதுகுன்றத்து அம்மைக்கும் உரிய பெயர். மரியன்னைக்கு அத்தமிழ்ப் பெயரை வழங்கி அக்கோயிலை எழுப்பியவர், இத்தாலி நாட்டிற் பிறந்த பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் ஆவர். அவர்தம் நூல்களின் நலங்களைப் புலவர் பலர் விரித்துரைத்துளர். நாமோ, அவர் வாழ்வுக்கு அடிநிலமாக நின்ற ஒரு வழக்கத்தையே ஈண்டு நோக்கப் புகுகின்றோம். அஃது ஆண்டுதோறும் குருமார் மேற்கொள்ளும் ஞான ஒடுக்கமாம்.

முனிவர் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். கொள்ளைநோயாளர்க்குத் தொண்டு செய்து 1591-இல் உயிர்நீத்த ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. 1698-இல் அவர் சேசு சபையிற் புகுந்தார். அச்சபையைத் தோற்றுவித்த இஞ்ஞாசியார், 1522-இல் மன்ரேசா என்னும் ஊரில் தனித்திருந்து தவம் புரிந்த காலத்தே தாம் உணர்ந்தவற்றைப் பின்னர் ஞானப் பயிற்சி நூலாக அமைத்தார். அதனைப் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548-இல் ஏற்று உறுதிப்படுத்தினார். சபையிற் புகுவோர் தொடக்கத்தில் முப்பது நாள் அப்பயிற்சியில் ஈடுபடுவர். பின்னர் ஆண்டுதோறும் எட்டு அல்லது பத்து நாள் அதனைப் புதுப்பித்தல் வேண்டுமென 1608-இல் சபையின் பொதுச்சங்கம் விதித்தது. ஆகவே, நம் முனிவரும் இவ்விதிக்கு உட்பட்டவரே.

ஒடுக்கமாவது வெறும் ஓய்வன்று. பேச்சையும் வெளிவேலையையும் நீக்கி, நாளொன்றுக்கு நான்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் தியானித்தல் வேண்டும். முதற்கண் தன் பாவங்களையும், அடுத்துக் கிறிஸ்துவின் வாழ்வையும், பின் அவர் பாடுகளையும், இறுதியில் அவர் உயிர்த்தெழுந்த மகிமையையும் உள்ளத்தில் நிறுத்தித் தன் நெஞ்சைத் தானே ஆராய்தல் அதன் முறை. பிறர்க்குப் போதிப்பவன் அந்நாள்களில் தானே மாணவனாக அமர்கின்றான்.

இனி, ஒரு வினா எழுதல் கூடும். 1710-இல் கோவாவை அடைந்து, பின்னர் மதுரை மிஷனுக்கு வந்த முனிவர்க்கு உற்ற வேலை சிறிதன்று. குருமார் சிலரே, ஊர்களோ பல, வழிகள் அரியவை. கயத்தாற்றிற் பகைவராற் பிடிபட்டு உயிர்க்கே இடருற்றதும் உண்டு. நோயாளரும் ஞானஸ்நானம் வேண்டுவோரும் காத்திருக்க, ஒரு குரு எட்டு நாள் கதவடைத்திருத்தல் தகுமோ? வினா பொருளுடையதே. எனினும், முப்பது வயதைக் கடந்தபின் அயல்மொழியொன்றின் இலக்கண இலக்கியங்களைக் கற்று, 1726-இல் தேம்பாவணியையும், 1730-இல் தொன்னூல் விளக்கத்தையும், 1732-இல் சதுரகராதியையும் முடித்த உழைப்பு, ஒருமுகப்பட்ட உள்ளத்திலன்றி வேறெங்கு விளையும்? தொண்டினின்று திருடிய நாள்களல்ல அவை. தொண்டுக்கு வித்திட்ட நாள்கள் என்பதே நம் துணிபு.

தேம்பாவணியின் தலைவனைக் காண்மின். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாக்கள் கொண்ட பெருங்காப்பியத்திற்குத் தலைவனாக முனிவர் தேர்ந்தவர் மன்னரல்லர், தச்சராகிய சூசையப்பர். சுவிசேஷங்களில் அவர் வாய்ச்சொல் ஒன்றேனும் பதியப்படவில்லை. கேட்பதும், எழுவதும், செய்வதுமே அவர் வரலாறு. மௌனத்தின் அருமையை ஆண்டுதோறும் பயின்றவர்க்கே அத்தகைய தலைவன் உவப்பாவான்.

1727-இல் அவர் எழுதிய வேதியர் ஒழுக்கமும் இவ்வுண்மையையே காட்டும். குரு இல்லாத ஊர்களில் மறையைப் பேணி நின்றவர் வேதியரே. அவர்க்குச் சொல்வன்மையினும் தூய வாழ்வே முதற்கண் வேண்டுமென அந்நூல் எளிய உரைநடையில் அறிவுறுத்துகின்றது. ஒடுக்கத்தில் தாம் பெற்றதை ஒழுக்கமாக அவர்க்கு ஈந்தனர் எனலாம்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் ஓருண்மையை நன்கறிவர். வனைந்த மண் எத்துணை அழகியதாயினும் சூளையில் வேகாதவரை நீர் பட்டாற் கரையும். வெந்தபின்னும் சூளை மெல்ல ஆறுதல் வேண்டும். பொறாது வாயிலைத் திறப்பின் கலம் வெடிக்கும். மூடிய சூளையில் வேலை நடவாதென எண்ணுபவன் அத்தொழிலை அறியாதவன்.

பின்னாளில் மணப்பாட்டிலும் பணிபுரிந்த முனிவர், 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் கேரள நாட்டு அம்பழக்காட்டில் உயிர்நீத்தார். அரை நூற்றாண்டுத் துறவு வாழ்வு அவருடையது. மாணவராகிய நாம் அனைவரும் துறவு பூண்போமல்லோம். ஆயினும், கற்றலும் பேசுதலுமாகவே ஆண்டு முழுதும் கழியாமல், சில நாளேனும் தனித்திருந்து நம்மை நாமே வினவும் வழக்கத்தை அவர்பாற் கற்போமாக. தேர்வுத்தாள் கேளாத வினாக்களும் வாழ்வில் உள. அவற்றுக்கு விடை அமைதியிலேயே பிறக்கும்.