திருப்பாவைக்கு இசை தந்த அரியக்குடி ஐயங்கார்

காரைக்குடிக்கு அருகே, தென்திருப்பதி என்று அன்பர்கள் கொண்டாடும் அரியக்குடியில் ஸ்ரீ திருவேங்கடமுடையான் கோயில் கொண்டு எழுந்தருளியிருக்கிறான். அவ்வூரில் 19-5-1890 அன்று பிறந்தவர் ஸங்கீத வித்வான் ஸ்ரீ இராமாநுஜ ஐயங்கார். உடையவருக்குத் திருப்பாவை ஜீயர் என்றொரு திருநாமம் உண்டென்பதைப் பாகவதர்கள் அறிவர். அவர் பெயரைத் தாங்கிய ஒருவரே ஆண்டாளின் முப்பது பாசுரங்களுக்கும் மெட்டமைத்தார் என்பதைத் தற்செயல் என்று தள்ள அடியேனுக்கு மனம் வரவில்லை.

ஐயங்கார் முதலில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும் நாமக்கல் நரஸிம்ஹ ஐயங்காரிடமும் பயின்றார். பின்னர் இராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாஸ ஐயங்காரை அடைந்து குருகுலவாஸம் செய்தார். பூச்சி ஐயங்காரின் குரு பட்டணம் ஸுப்ரமண்ய ஐயர். அவர் தியாகராஜ ஸ்வாமிகளின் நேர் சிஷ்யரான மானம்புச்சாவடி வேங்கடஸுப்பையரிடம் பாடம் கேட்டவர். குருபரம்பரையை அநுஸந்தித்த பிறகே காலக்ஷேபம் தொடங்குவது நம் ஸம்ப்ரதாயம். ஐயங்காரின் பாட்டையும் இந்தப் பரம்பரையை நினைந்தே கேட்கவேண்டும்.

வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனங்கள் பல பாடி, பல்லவியை அளவோடு நிறுத்தி, துக்கடாக்களில் நிறைவு செய்யும் இன்றைய கச்சேரி முறை அவரால் நிலைபெற்றதென்பர். ஸங்கீத கலாநிதி விருது 1938லும், பத்மபூஷண் 1958லும் அவரை வந்தடைந்தன. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் பலவற்றுக்கும் மெட்டமைத்து மேடையில் ஏற்றினார்.

எனினும் ஆஸ்திகர்கள் அவருக்குப் பெரிதும் கடன்பட்டிருப்பது திருப்பாவையாலேயே. ஸந்நிதியில் கோஷ்டியாகச் சேவிக்கும் பாசுரத்தை ஸபையில் தாளம் தட்டிப் பாடலாமா என்று வினவுவோர் உண்டு. அந்த வினாவை அலட்சியம் செய்யலாகாது. ஸங்கதிகளில் சொல் சிதைந்தால் பொருளும் சிதையும். ஆனால் திவ்யப்ரபந்தத்தை இசையோடு வகுத்து, தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் கற்பித்தவர் நாதமுனிகளே அன்றோ? திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர் ஸேவை அதற்குச் சான்றாக நிற்கிறது. ஆகவே பாசுரத்துக்குப் பண் அந்நியமன்று.

ஐயங்கார் செய்ததைச் சற்று உற்று நோக்குவோம். பாசுரந்தோறும் எட்டடி; முப்பதுக்கும் யாப்பு ஒன்றே, முடிவும் ஒன்றே. இவற்றுக்கு முப்பது இராகங்களை அவர் தேர்ந்தார். முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீராகம் என்னும் கனராக பஞ்சகத்தையே வரிசை பிறழாமல் அமைத்தார். இது தியாகராஜ ஸ்வாமிகளின் பஞ்சரத்ன வரிசை! ஸ்வாமிகளின் வழிவந்த சிஷ்யர் கோதை நாச்சியாருக்குச் செய்த ஸமர்ப்பணமாகவே அடியேன் இதைக் கருதுகிறேன். இருபத்தொன்பதாம் பாசுரம் மத்யமாவதி, முப்பதாவது ஸுரட்டி. மங்களம் பாடி நிறைவு செய்வதற்கு உரியவை இவ்விரண்டும். நடுவில் தோடி, பைரவி, கல்யாணி, காம்போதி முதலியன வருகின்றன. மெட்டுகள் சுருக்கமானவை, சொல்லை நசுக்காதவை. இராகம் இன்னதென்று அறியாத சிறுமியும் நாலைந்து நாளில் பாடிவிடுகிறாள். வித்வான்கள் பாடுவதைக் காட்டிலும் இதுவே அரிய பயன் என்பேன். ஸ்ரீமதி எம்.எல். வஸந்தகுமாரி இம்மெட்டுகளில் பாடிய இசைத்தட்டு மார்கழி விடியலில் ஊர்தோறும் ஒலித்தது. ஒலிபெருக்கியின் இரைச்சல் அடியேனுக்கு உவப்பன்று. அந்தப் பாட்டுக்காக அதனையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கற்பிப்பதில் அவர் வழி நம் அத்யாபகர்களின் சந்தை முறையை ஒத்தது. குரு சொல்ல, சிஷ்யர் திருப்பிச் சொல்ல, நெஞ்சில் படியும் வரையில் அதே பாடம். பாடாந்தரம் உறுதிப்பட்டவர்கள் கச்சேரிகளில் அவருக்குப் பின்னால் அமர்ந்து உடன்பாடினர். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் தம்மிடம் பயின்ற கே.வி. நாராயணஸ்வாமியை அவரிடம் சேர்ப்பித்தார் என்றால், அந்தக் குருவின் பெருமையை வேறு விரிக்க வேண்டுமோ?

மார்கழி நீங்கித் தை பிறந்து சில நாட்களே சென்ற நிலையில், 23-1-1967 அன்று ஐயங்கார் பரமபதம் அடைந்தார். குரு பெற்ற ஸங்கீத கலாநிதி விருதை நாராயணஸ்வாமி 1986லும், மற்றொரு சிஷ்யரான பி. இராஜம் ஐயர் 1987லும் பெற்றனர். நம் ஸந்நிதியிலோ, கூடாரவல்லியன்று கோஷ்டி சாற்றுமறை ஆனபின், அக்காரவடிசில் பிரசாதத்துக்குக் காத்திருக்கும் பெண்குழந்தைகள் இருபத்தேழாம் பாசுரத்தை அவர் அமைத்த பூர்விகல்யாணியில் பாடுகிறார்கள்.