மகனின் கட்டிலைச் சுற்றி வந்த பாபர்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் குடும்பங்களுக்கு, பிள்ளையின் காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்கவில்லை என்றால் அடுத்த பேச்சு பெங்களூருதான். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி என்று எல்லையைத் தாண்டி, ஓசூர் ரோட்டு நெரிசலில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து போகும். வாப்பா சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்டை முடித்துவிட்டு, கம்பெனிச் சட்டையோடே நள்ளிரவில் வந்து நிற்பார். உம்மா வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் தஸ்பீஹோடு உட்கார்ந்திருப்பார். கன்னடத்தில் எழுதிய படிவத்தை யாரிடம் காட்டிப் புரிந்துகொள்வது என்று தெரியாது. உருது தெரிந்தவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வாயில் வரும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான். யா அல்லாஹ், என்னை எடுத்துக்கொள், என் பிள்ளையை விட்டுவிடு. அப்படிக் கேட்ட ஒரு தந்தை நமக்குத் தெரிந்தவர். பிள்ளை குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும், தனக்கு லேசாக நெஞ்சு வலித்தால்கூட அவருக்குப் பயம். கேட்டதை அல்லாஹ் வாங்கிக்கொள்ளப் போகிறானோ என்று. பாபர் பாதுஷா மகனுக்காகத் தன் உயிரைக் கொடுத்த கதையை யாரோ அவருக்கு வாட்ஸ்அப்பில் வேறு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கதை பாதியில்தான் சொல்லப்படுகிறது. முழுதாகத் தெரிந்திருந்தால் அந்தத் தந்தைக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இன்று பாபர் என்ற பெயரைச் சொன்னாலே அரசியல்தான் நினைவுக்கு வருகிறது. அதை இங்கே விட்டுவிடுவோம். நாம் பார்க்கப்போவது ஒரு தகப்பனை.

பாபர் 1483 பிப்ரவரி 14 அன்று, இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் அந்திஜானில் பிறந்தார். 1494இல் அவருடைய தந்தை உமர் ஷேக் மிர்ஸா, பள்ளத்தாக்கின் விளிம்பில் கட்டியிருந்த புறாக் கூண்டு சரிந்ததில் அதோடு விழுந்து இறந்துபோனார். பதினோரு வயதில் ஃபர்கானாவின் ஆட்சி பாபரின் தலையில் விழுந்தது. பதினான்கு வயதில் சமர்கந்தைப் பிடித்தார். நூறு நாள் வைத்திருந்தார். அங்கேயே கடுமையான நோயில் விழுந்தார். சில நாட்கள் நாக்கே அசையவில்லை. பஞ்சை நனைத்து வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்கள் என்று தன் நினைவுக் குறிப்பான பாபர்நாமாவில் அவரே எழுதியிருக்கிறார். உயிர் பிழைத்தார், ஆனால் சமர்கந்தும் அந்திஜானும் இரண்டுமே கைவிட்டுப் போயின.

அதன் பிறகான போர்களையும் அலைச்சலையும் விவரித்தால் கட்டுரை நீண்டுவிடும். 1504இல் காபூல், 1526 ஏப்ரல் 21இல் பானிபட், அடுத்த ஆண்டு கான்வா. பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். பாடப்புத்தகத்தில் வராதது, அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பது. பாபரின் முதல் குழந்தை ஃபக்ருன்னிஸா என்ற பெண் குழந்தை. பிறந்து நாற்பது நாள்கூடத் தாண்டவில்லை. அப்போது பாபருக்கு வயது பதினெட்டுதான். அவருடைய துணைவியரில் முதன்மையானவரான மாஹம் பேகத்துக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். அவர்களில் ஃபாரூக் என்ற மகன் காபூலில் பிறந்து, இந்தியாவில் இருந்த பாபர் ஒருமுறைகூட முகம் பார்க்காமலேயே போய்விட்டான். மிஞ்சியது ஒரே ஒருவர். 1508 மார்ச்சில் காபூலில் பிறந்த ஹுமாயூன்.

பாபருக்கும் நோய் புதிதல்ல. காய்ச்சல், கட்டிகள், காது நோய், இருமும்போது இரத்தம் என்று தன் குறிப்புகளில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். 1528 நவம்பரில் காய்ச்சலில் கிடந்தபோது, சூஃபிப் பெரியவர் குவாஜா உபைதுல்லாஹ் அஹ்ராரின் ஒரு சிறு நூலைத் துருக்கிக் கவிதையாக மொழிபெயர்க்கத் தொடங்கினார். அந்த வேலையின் பரக்கத்தால் நோய் நீங்கட்டும் என்பது அவருடைய நிய்யத். நூலின் பெயர் ரிஸாலா வாலிதிய்யா. அஹ்ரார் தன் தந்தை கேட்டுக்கொண்டதற்காக எழுதியதால் வந்த பெயர் அது. சில நாளில் காய்ச்சல் இறங்கியது.

இனி 1530க்கு வருவோம். பாபர்நாமா அதற்கு முந்தைய ஆண்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே இந்த நிகழ்ச்சி நமக்கு இரண்டு வழியாகத்தான் வந்திருக்கிறது. ஒன்று, அக்பரின் அரசவையில் அபுல் ஃபஸ்ல் எழுதிய அக்பர்நாமா. மற்றொன்று, பாபரின் மகள் குல்பதன் பேகம் எழுதிய ஹுமாயூன்நாமா. குல்பதனுக்கு அப்போது ஏழெட்டு வயது. அவருடைய தாய் தில்தார் பேகம். வளர்த்தவர் மாஹம் பேகம்.

அந்தச் சமயத்தில்தான் தில்தாரின் சின்ன மகன் அல்வர் ஆக்ராவில் இறந்திருந்தான். துக்கத்தில் இருந்தவர்களைக் கொஞ்சம் இடம் மாற்றலாம் என்று பாபர் தோல்பூருக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கேதான் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. ஹுமாயூனுக்கு உடல்நிலை மோசம், தாய் உடனே புறப்பட்டு வர வேண்டும் என்று.

மாஹம் அந்தக் கணமே கிளம்பினார். தன் ஜாகீரான சம்பலில் நோயில் விழுந்த ஹுமாயூனை, டெல்லி வழியாக யமுனையில் படகில் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். மதுராவில் தாயும் மகனும் சந்தித்தார்கள். கேள்விப்பட்டதைவிடப் பத்து மடங்கு தளர்ந்து கிடந்தார் மகன். மர்யம் (அலை) அவர்களும் ஈஸா (அலை) அவர்களும் போல அந்த இருவரும் ஆக்ரா வந்து சேர்ந்தார்கள் என்கிறார் குல்பதன். அன்று அது நதி வழி. நமக்கு நாற்பது கிலோமீட்டர் தார்ச்சாலை. மடியில் கிடக்கும் பிள்ளையின் சூடு மட்டும் அதேதான்.

பாபர் மகனைப் பார்த்ததும் உடைந்துபோனார். அப்போது மாஹம் சொன்னதைக் குல்பதன் பதிவு செய்திருக்கிறார். நீங்கள் அரசர், உங்களுக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு இவன் ஒருவன்தான், நீங்கள் ஏன் வருந்துகிறீர்கள் என்ற பொருளில் சொன்னாராம். நோயாளியின் பக்கத்தில் நின்று கணவனும் மனைவியும் இப்படிப் பேசிக்கொள்வதை எந்த மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் கேட்கலாம். கோபத்தில் வருவதல்ல, பயத்தில் வருவது. பாபர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் இவனைப் போல எனக்கு யாரும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

மருத்துவர்களின் சிகிச்சை பலன் தரவில்லை. மீர் அபுல் பகா என்ற பெரியவர், இருப்பதிலேயே விலை உயர்ந்ததை அல்லாஹ்வுக்காகக் கொடுத்துவிட்டு ஷிஃபா கேட்கலாம் என்றார். அவையில் இருந்தவர்கள் நினைத்தது ஆக்ராவில் கிடைத்த அந்தப் பெரிய வைரத்தை. முழு உலகத்துக்கும் இரண்டரை நாள் சாப்பாட்டுக்குச் சமமான மதிப்பு என்று அதைப் பற்றிப் பாபரே எழுதியிருக்கிறார். ஹுமாயூன் அதைத் தந்தைக்குக் கொடுத்தபோது, நீயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்தவர் அவர். ஒரு கல் என் மகனுக்கு ஈடாகுமா என்று பாபர் மறுத்துவிட்டார். மகனின் கட்டிலை மூன்று முறை சுற்றி வந்தார். உயிருக்கு உயிர் ஈடாகுமென்றால் என் உயிரை எடுத்துக்கொள் என்று அல்லாஹ்விடம் கேட்டார்.

ஹுமாயூன் எழுந்தார். பாபர் படுத்தார். 1530 டிசம்பர் 26 அன்று ஆக்ராவில் 47 வயதில் வஃபாத்தானார். வாட்ஸ்அப் கதை இங்கே முடிந்துவிடுகிறது.

குல்பதன் எழுதியதை நிதானமாகப் படித்தால் இன்னும் சில விஷயங்கள் தெரியும். அன்றே பாபருக்கு உடல் சரியில்லாமல் போனது என்று அவரும் சொல்கிறார். ஆனால் அதன் பிறகு பாபர் இரண்டு மூன்று மாதம் படுக்கையில் இருந்திருக்கிறார். அதற்குள் ஹுமாயூன் முழுக்கக் குணமாகிக் கலிஞ்சர் வரை போய்விட்டார். தந்தையின் நிலை மோசமானதும் ஆள் அனுப்பித்தான் அவரை வரவழைத்தார்கள். பாபரைப் பார்த்த மருத்துவர்கள், நான்கு ஆண்டுக்கு முன் இப்ராஹிம் லோடியின் தாய் உணவில் வைத்த விஷத்தின் அறிகுறிகள் தெரிவதாகச் சொன்னார்கள். போதாதற்கு முப்பத்தைந்து ஆண்டுப் போர் வாழ்க்கை. இரத்தம் துப்பிய உடம்பு. அண்மையில் ஒரு மகனை அடக்கிய மனது. பாபர் சாவதற்குக் காரணங்கள் ஏற்கனவே அவர் உடம்பில் இருந்தன. அவரவருக்கு அல்லாஹ் குறித்த நேரம் அவரவருக்கு வந்தது. ஒருவரின் தவணையை வெட்டி இன்னொருவருக்கு ஒட்டும் வியாபாரம் அவனிடம் இல்லை.

நமது மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அதனால்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையை இழந்து கண்ணீர் விட்ட அந்த நிலையிலும், சூரியனும் சந்திரனும் யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் மறைவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் மக்களைத் திருத்தினார்கள். துன்பம் வந்ததற்காக மரணத்தை விரும்பக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நேர்ச்சை விதியை மாற்றிவிடாது, கஞ்சனிடமிருந்து அது எதையோ வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான் என்ற கருத்தும் ஹதீஸில் வருகிறது. கட்டிலைச் சுற்றுவது நமக்குக் காட்டித் தரப்பட்ட வழி அல்ல. நோயாளியின் மேல் வலது கையை வைத்து, மனிதர்களின் இரட்சகனிடம் ஷிஃபா கேட்பதுதான் நபி (ஸல்) அவர்களின் வழக்கம். பெற்றோர் பிள்ளைக்காகக் கேட்கும் து.ஆ தட்டப்படுவதில்லை என்று நம்பிக்கை தரப்பட்டிருக்கிறது. அதற்கு ஈடாக எதையும் வைக்கச் சொல்லவில்லை.

பாபரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கிரீடம், படை, வைரம் எல்லாம் இருந்தும் ஒரு காய்ச்சல் முன்னால் அவர் கை வெறுமையாக இருந்தது. அந்த நேரத்தில் வாயில் வந்ததைக் கேட்டார். நீங்களும் அப்படிக் கேட்டிருந்தால், அதை நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அல்லாஹ் உங்கள் வார்த்தையைப் பத்திரத்தில் எழுதி வாங்கவில்லை. பிள்ளைக்கு நீங்கள் உயிரோடு வேண்டும். மருந்து வாங்க, ரிப்போர்ட்டைக் கேட்க, காப்பீட்டு அட்டைக்கு அலைய, வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்ட. கேன்டீனில் போய் நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள்.

மற்ற பிள்ளை என்றதும் ஹிந்தால் நினைவுக்கு வருகிறான். பாபரின் சின்ன மகன், பதினொரு வயது, காபூலிலிருந்து வந்துகொண்டிருந்தான். கடைசி நாட்களில் பாபர் திரும்பத் திரும்பக் கேட்டது அவனைத்தான். எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறான் என்று வந்தவரிடம் விசாரித்தார். மகனைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். முதலில் ஆக்ராவில் அடக்கி, பிறகு அவருக்குப் பிடித்த காபூல் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள்.

ஹுமாயூன் அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். நாட்டை இழந்தார், மீண்டும் பிடித்தார், அக்பரைப் பெற்றார். குல்பதன் அறுபதைத் தாண்டிய பிறகு, அக்பர் கேட்டுக்கொண்டதால் இதையெல்லாம் எழுதினார். அண்ணனின் நோயைப் பற்றி எழுதும்போது, அரைநூற்றாண்டுக்கு முந்தைய ஒரு காட்சி அவருக்கு மறக்கவில்லை. தானும் மற்ற சகோதரிகளும் அவரைப் பார்க்கப் போனார்கள். அவர் நினைவு தப்பிக் கிடந்தார். நினைவு வரும்போதெல்லாம் கண்ணைத் திறந்து, தங்கைகளை வாருங்கள் என்று கூப்பிட்டார். அருகில் வரச் சொல்லி அணைத்துக்கொண்டார். இன்று ஐசியுவுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். வீட்டில் இருக்கும் தங்கையின் குரலைப் போனில் பதிந்து, காதருகில் வைக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள்.